காஸ் வராத தெருவில் ஒரு காஸ் ஃபயர்பிளேஸ்

"காஸ் எங்கே, மிசியே?"

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டு ஹாலில் முழங்காலில் நின்றபடி லுக் என்னிடம் கேட்ட கேள்வி இது. லுக், ஃபயர்பிளேஸ் பூட்டுகிற மனிதர். காதில் பென்சில், கையில் டோர்ச் லைட், வாயில் பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம்.

நான் பெருமையோடு ஹாலின் நடுவில் இருந்த பெரிய பெட்டியைக் காட்டினேன்.

"அது அடுப்பு. நான் கேட்பது காஸ்."

"தெருவில் இருக்கும்தானே?" என்றேன்.

லுக் எழுந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பனி. ஒரு அணில். வேறொன்றும் இல்லை.

"இந்தத் தெருவில் காஸ் குழாயே கிடையாது" என்றார் லுக், மரணச் செய்தி சொல்லும் டாக்டரின் குரலில்.

கியூபெக்கின் பியர்பொன்ட்ஸில் இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருடமாகிறது. புல் வெட்டியிருக்கிறேன், பனி தள்ளியிருக்கிறேன், பக்கத்து வீட்டு நாயின் பிறந்தநாளுக்குக்கூடப் போயிருக்கிறேன். தெருவுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? நீங்கள் யோசித்திருக்கிறீர்களா?

சரி, இந்த வயதில் எனக்கு ஏன் ஃபயர்பிளேஸ் ஆசை? தமிழில் கணப்பு என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லும் இல்லை, அந்தப் பொருளும் இல்லை. இரண்டுமில்லாமல் நிம்மதியாகத்தான் இருந்தோம் — என் மகள் துளசி கர்ப்பமாகும் வரை.

துளசி கணவரோடு ஒட்டாவாவில் இருக்கிறாள். ஜனவரி கடைசியில் பிள்ளை பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளை பிறப்பது ஒட்டாவா ஆஸ்பத்திரியில். அதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு முப்பத்தொரு நாள் தாயும் பிள்ளையும் எங்கே இருப்பது? அதுதான் பிரச்சினை.

எங்கள் ஆட்களிடம் இதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தலைப்பிள்ளை என்றால் தாய் வீடு. ஒட்டாவாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு மணி நேர ஓட்டம். என் மனைவி வதனி ஆறு மாதத்துக்கு முன்பே தயாராகத் தொடங்கிவிட்டாள். பிள்ளை பெற்றவளுக்குக் கறியில் போடும் சரக்குத்தூள் இடித்தாயிற்று. உள்ளிப்பூண்டு உரித்தாயிற்று. பால் சுரக்க நல்லதென்று பால்சுறாவும் ஃப்ரீஸரில் வந்து படுத்துவிட்டது. பிள்ளை வருவதற்கு மூன்று மாதம் முன்பே சுறா வந்துவிட்ட வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் கெடுத்தது என் வாய்.

போன குளிர்காலத்தில் உறைமழை பெய்து கம்பிகள் அறுந்து, எங்கள் பகுதியில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. கியூபெக்கில் கரண்ட் தாராளம் என்பதால் வீட்டுச் சூடு, அடுப்பு, குளிக்கிற தண்ணீர் எல்லாமே கரண்ட். அது போனால் எல்லாம் போகும். மூன்று ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சமாளித்தோம். பிறகு ரொறன்ரோவில் இருக்கும் சம்பந்தி பரமசிவத்துக்குப் போனில் இதைச் சொன்னபோது இரண்டு நாளை நான் நான்கு நாளாக்கினேன். பல் துலக்கும் பிரஷ் கோப்பையில் உறைந்து நின்றது என்றும் சேர்த்துக்கொண்டேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனின் நாக்கு சும்மா இருக்குமா?

பிள்ளை பிறக்கும் நாள் நெருங்கத் தொடங்கியதும் சம்பந்தி போன் எடுத்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. உங்கட வீட்டிலை கரண்ட் போனால் பச்சைப்பிள்ளை என்ன செய்யும்? நீங்களே சொன்னனீங்கள், பிரஷ்ஷே விறைச்சதெண்டு. துளசி இஞ்ச வரட்டும். இஞ்ச எல்லாம் காஸ். பொத்தானை அமத்தினால் சித்திரை வெயில்!"

 பிரஷ் பொய் என்று சொல்லவா?

அன்று மாலை வதனி சரக்குத்தூள் போத்தலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அப்ப இதைப் பார்சலிலை ரொறன்ரோவுக்கு அனுப்பிவிடவோ?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள்.  கரண்ட் போனாலும் சூடாக இருக்கும் ஒரு ஹால் — அதை ஜனவரிக்குள் செய்துகாட்டினால்தான் மகள் தாய் வீட்டுக்கு வருவாள்.

அடுத்த வாரமே ரொறன்ரோவில் ஒரு கல்யாணம். சம்பந்தி வீட்டில்தான் தங்கினேன். அங்கே ஹாலில் ஃபயர்பிளேஸ். சம்பந்தி சோபாவில் சாய்ந்தபடியே றிமோட்டை நீட்டினார். தீ எழும்பியது. இன்னொரு பொத்தான். தீ தாழ்ந்தது. நான் வாய் பிளந்து பார்த்தேன்.

"இதே மொடல் கடையிலை அரைவாசி விலைக்குக் கழிவிலை போகுது. வாங்கோ, காட்டுறன்" என்றார். எதிர்க்கட்சி ஆனாலும் கடை காட்டுவதில் எங்கள் ஆட்கள் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

வாங்கினேன். அரிசி, சோபா, பல் டாக்டர், கார் — எதையென்றாலும் நம்மில் ஒருவர் வாங்கிவிட்டால் போதும், மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்குவோம். யோசிக்கும் வேலை மிச்சம். ஒருவர் ஏற்கனவே யோசித்துவிட்டார்... அவருடைய ஊருக்காக.

பெட்டியை வேனில் ஏற்றி, கயிறு கட்டி, ஐந்தரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தேன். வந்த கதையின் மிச்சத்தைத்தான் லுக் முழங்காலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ரொறன்ரோவில் அநேகமாக எல்லாத் தெருவிலும் காஸ் குழாய். இங்கே அப்படி இல்லை. ஒரு தெருவில் இருக்கும், அடுத்த தெருவில் இருக்காது. எங்கள் பெரிய வீதியின் அந்தப் பக்கம் வரை குழாய் வந்து நின்றுவிட்டது. காஸ் கொம்பனிக்குப் போன் செய்தேன். தெருவில் போதிய வீடுகள் கேட்டால் யோசிக்கலாம் என்றார்கள். உடனே தேர்தல் வேட்பாளர் மாதிரி வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். "குளிர்ந்தால் நான் ஃப்ளோரிடா போய்விடுவேன்" என்றார் வலது பக்கத்து வீட்டுக்காரர். இடது பக்கத்து வீட்டில் நாய்தான் ஆர்வம் காட்டியது.

"அப்படியென்றால் சிலிண்டர்?" என்று, மறுபடி வரவழைத்த லுக்கிடம் கேட்டேன். "ஃபயர்பிளேஸுக்குப் பின்னால் ஒரு மூலையில் வைத்துவிடலாமே?"

ஊரில் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் சிலிண்டர் வைத்துச் சமைத்தவர்கள் நாங்கள். எனக்கு அது இயல்பான கேள்விதான். லுக் என்னையும் என் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். சிலிண்டரில் வருவது புரோப்பேன், அது வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்குத் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அதைவிடப் பெரிய சங்கதி, நான் வாங்கி வந்தது குழாய் காஸுக்குச் செய்த அடுப்பு. அப்படியே புரோப்பேனை விட்டால் ஆபத்து. சில அடுப்புகளுக்கு மாற்றுகிற பாகங்கள் கிடைக்கும். இந்தப் பழைய மொடலுக்குக் கிடைக்காது.

அந்த நேரம்தான் வதனி குசினியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தாள். கார்டெரியில் பிள்ளை பார்க்கிற வேலை அவளுக்கு. அதனால் பிரெஞ்சு என்னைவிட நன்றாக வரும். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பின்பக்கம் குனிந்து எதையோ இழுத்தாள். கறுப்பு வயர். முனையில் பிளக்.

லுக்கிடம் பிரெஞ்சில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். லுக் சிரித்தார். "நோ, மதாம்" என்று தொடங்கி ஏதோ விளக்கினார்.

"என்னவாம்?" என்றேன்.

"கரண்ட் இல்லாட்டில் இது வேலை செய்யுமோ எண்டு கேட்டனான். செய்யாதாம். பத்த வைக்கிறதுக்கும் கரண்ட் வேணுமாம்." வயரை என் கையில் தந்தாள். "கரண்ட் போற நேரத்துக்கெண்டு கரண்ட்டிலை வேலை செய்யிற சாமான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள். நல்ல கெட்டித்தனம்."

வாசகர்களே, திருமணமாகி இருபத்தாறு வருடத்தில் பல தோல்விகளைப் பார்த்தவன் நான். பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது இதுவே முதல் தடவை.

கழிவு விலைச் சாமான், திருப்பி எடுக்க மாட்டார்கள். அந்தப் பெட்டி இப்போது கராஜில் இருக்கிறது. அதன்மேல் எங்கள் பனிச் சப்பாத்துகள் காய்கின்றன.

அடுத்த சனிக்கிழமை கடைக்கு வதனி போனாள். நான் கார் ஓட்டினேன். கடைக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டினார். கூழாங்கல் மேல் எரிவது, நீலத் தீ, மூன்று பக்கமும் கண்ணாடி. வதனி எல்லாவற்றுக்கும் முன் நின்று அதே கேள்வியைக் கேட்டாள். கடைசியில் கடைக்காரர் எங்களை ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார். பழுப்பு நிறத்தில், சின்னதாக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒன்று அங்கே நின்றது.

உள்ளே ஒரு சின்னச் சுடர் எந்நேரமும் எரிந்துகொண்டே இருக்குமாம். அதன் சூட்டிலிருந்தே வால்வைத் திறக்கத் தேவையான துளி மின்சாரம் உண்டாகிவிடுமாம். பிளக் இல்லை. றிமோட் இல்லை. குனிந்து ஒரு குமிழைத் திருக வேண்டும். புகை சுவரைத் துளைத்து நேரே வெளியே போகும். புரோப்பேனுக்கு ஏற்ற பாகங்களும் உண்டு.

"இதைவிடக் கொஞ்சம் வடிவானது இல்லையோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வடிவைப் பாத்து வாங்கினது ஒண்டு கராஜிலை கிடக்கு" என்றாள்.

லுக் வந்து இரண்டு நாளில் பூட்டினார். வீட்டுக்குப் பின்னால் வெள்ளை டாங்கி ஒன்று வந்து நின்றது, நீத்துப்பூசணிக்காய்க்குக் கால் முளைத்ததுபோல. அதை நிரப்ப லொறி வரும்போது வழி இருக்க வேண்டும், ஆகவே பனி விழும்போதெல்லாம் அதுவரை வெட்டி வைக்க வேண்டும் என்றார். பிள்ளை தவழத் தொடங்கும் முன் கண்ணாடிக்கு முன்னால் ஒரு தடுப்பு வைக்கச் சொன்னார், கண்ணாடி சுடுமாம். வதனி எழுதிக்கொண்டாள். நான் பனி தள்ளும் சவளைத் தேடிப் போனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை துளசியும் மருமகனும் வந்தார்கள். சம்பந்தி தம்பதியும் ரொறன்ரோவிலிருந்து வந்தார்கள். பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். சோதிக்க வந்தது எல்லாருக்கும் தெரியும். வெளியே மைனஸ் பதினெட்டு.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. வதனி எழுந்து நின்றாள்.

"இப்ப மெயின் சுவிட்சை நிப்பாட்டப் போறன். பின்னேரம் ஆறு மணி வரைக்கும் கரண்ட் இல்லை. எல்லாரும் ஹாலிலை இருங்கோ."

ஒருவரும் நம்பவில்லை. அவள் பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போனாள். டக்! பிரிட்ஜ் அடங்கியது. சுவரோரத்து ஹீட்டர்கள் டிக் டிக்கென்று ஆறின. திரும்பி வந்தவள் குனிந்து குமிழைத் திருகினாள். தீ எழும்பியது.

சம்பந்தி எதற்கும் இருக்கட்டும் என்று கோட், தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் கையுறை போனது. ஒரு மணி நேரத்தில் தொப்பி. மூன்று மணிக்குக் கோட்டும் போனது. மூன்றரைக்கு வாயைத் திறந்தபடி குறட்டை விட்டார்.

"அப்பா, ஊரிலை சண்டை நேரம் அஞ்சு வருசம் கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தில் விளக்கிலை படிச்சனான். எனக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையே?" என்று துளசி சிரித்தாள். இருட்டுக்குப் பழகலாம் மகளே, இந்த ஊர்க் குளிருக்குப் பழக முடியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

உண்மையான பரீட்சை அதிகாரி சம்பந்தி அம்மா. அவர் எழுந்து நடந்தார். தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுவரைத் தொட்டார். ஜன்னல் ஓரத்தில் குனிந்து நெடுநேரம் நின்றார். வதனி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"இந்த ஜன்னல் மூலை கொஞ்சம் குளிருது" என்றார் சம்பந்தி அம்மா.

வதனியின் முகம் சுருங்கியது. 

"தொட்டிலை மற்றப் பக்கமாய்ப் போடுங்கோ."

அவ்வளவுதான். வதனி குசினிக்குள் போனாள். பின்னாலேயே போனேன். அந்தக் குளிரில் ஃப்ரீஸரில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷ அழுகைதான். எனக்கும் கண் கலங்கியது. குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

திரும்பி வந்தபோது சம்பந்தி விழித்திருந்தார். தீயையே பார்த்துக்கொண்டிருந்தவர் மருமகனிடம், அதாவது தன் மகனிடம், கேட்டார். "தம்பி, கரண்ட் போனால் எங்கட வீட்டுக் காஸ் வேலை செய்யுமோ?"

மகன் எஞ்சினியர். பொய் சொல்லத் தெரியாது. "இல்லையப்பா. சூட்டை ஊதிவிடுற விசிறி கரண்ட்டிலைதானே ஓடுது. உங்கட றிமோட் ஃபயர்பிளேஸும் கரண்ட்தான்."

 நான் மிகவும் கஷ்டப்பட்டுச் சிரிக்காமல் இருந்தேன்.

சம்பந்தி மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார், தீயைப் பார்த்தார், பிறகு வதனியைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"அப்ப நாங்களும் அந்த முப்பத்தொரு நாளும் இஞ்சையே நிக்கிறம், என்ன?"

"ஓம், ஓம், அதுக்கென்ன!" என்றாள் வதனி, என்னைக் கேட்காமலே.

இனி அவர்களுக்கும் ஒரு கட்டில் வாங்க வேண்டும். அது எங்கே மலிவு என்று சம்பந்தியிடம் மட்டும் கேட்பதாக இல்லை.