சுகிர்தாவின் ஞானஸ்நானமும் அவள் தகப்பனார் கேட்ட கேள்வியும்

மரகதம்மாள் வந்த காலை

மயிலாப்பூர் சபைக்கு நான் ஆயராக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எழுபதுகளின் தொடக்கம். ஆராதனை இல்லாத ஒரு காலையில் மரகதம் என்ற அம்மாள் ஆயர் இல்லத்துக்கு வந்தார். கூடவே அவருடைய மகள் சுகிர்தா. பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. புடவை கட்டியிருந்தாள். ஆனால் மூன்று வயதுக் குழந்தையைப்போல அம்மாவின் முந்தானையை விடாமல் பிடித்திருந்தாள். பிறவியிலேயே புத்தி வளர்ச்சி அவ்வளவுதான். பேச்சும் சில சொற்களோடு சரி.

மரகதம்மாள் எங்கள் சபையில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு கணவரோடு அடையாறில் ஒரு விசுவாசிகள் கூட்டத்துக்குப் போய்வந்தார். அங்கே குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்து, விசுவாசத்தைத் தங்கள் வாயால் அறிக்கை செய்தவர்களை மட்டுமே தண்ணீரில் முழுக்கி எடுப்பார்கள்.

"இவ தம்பிங்க ரெண்டு பேரும் ஞானஸ்நானம் எடுத்துட்டாங்க ஐயா. போன ஞாயித்துக்கிழமை சின்னவன் எடுத்தான். எல்லாரும் அவனைக் கட்டிப் பிடிச்சு, 'இனிமே நீ எங்க சகோதரன்'னாங்க. இவளும் போய்ப் பக்கத்துல நின்னா. இவகிட்ட என்ன சொல்றதுன்னு ஒருத்தருக்கும் தெரியலை. நல்லவங்கதான், தெரியலை, அவ்வளவுதான்."

மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டார்: "இவ உள்ளேயா, வெளியேயா? அதை மட்டும் சொல்லுங்க ஐயா."

இறையியல் கல்லூரியில் இதைப் பற்றிப் பரீட்சையே எழுதியிருக்கிறேன். கடவுள் ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கை அவனோடு முடியவில்லை, அவன் சந்ததியையும் சேர்த்துக்கொண்டது. ஒன்றும் அறியாத எட்டு நாள் குழந்தையின் உடம்பில் விருத்தசேதனம் என்ற அதன் அடையாளம் வைக்கப்பட்டது. பேதுருவும் தன் பிரசங்கத்தில் வாக்குத்தத்தம் பிள்ளைகளுக்கும் உண்டு என்றார். இதையெல்லாம் விடைத்தாளில் எழுதியதுண்டு. ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்வது அதுதான் முதல் முறை.

"உள்ளேதான் அம்மா. ஞானஸ்நானம் கொடுத்து அவளை நாங்க உள்ளே கொண்டுவரலை. விசுவாசிகளோட பிள்ளை உடன்படிக்கைக்குள்ளேதான் பிறக்குது. அதுக்கு வைக்கிற அடையாளம்தான் இது."

"அப்ப வெச்சிடுங்க ஐயா."

"அவங்க அப்பாவுக்குத் தெரியாம வேண்டாம். நான் வந்து பேசறேன்."

திருவான்மியூரில்

மரகதம்மாளின் கணவர் எட்வின் அடையாறில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் சோதனைக் குழாய்களும் குடுவைகளும் ஊதிச் செய்கிறவர். விரல் நுனிகள் எல்லாம் பழைய தீக்காயத் தழும்பு. குடியிருந்தது திருவான்மியூரில். அவர்கள் கூட்டத்தில் ஆயர் என்று தனியாக யாரும் கிடையாது. அதனால் என்னை 'ஐயா' என்று சொல்லமாட்டார்.

"வாங்க பிரதர். எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். விசுவாசம் அவங்கவங்களோடது. அப்பன் தன்னோடதை எடுத்து மகளுக்குக் குடுக்க முடியுமா?"

"முடியாதுதான். ஆனா, வாக்குக் குடுத்தவர் உங்களுக்கு மட்டும் குடுத்துட்டு, பிள்ளையை வாசல்லேயே விட்டுட்டாரா? வீட்டுல ஜெபத்துக்கு உட்காரும்போது சுகிர்தாவை என்ன செய்யறீங்க? இவ இன்னும் அறிக்கை பண்ணலைன்னு எழுப்பி அனுப்பறீங்களா?"

அவர் உள்ளறைப் பக்கம் பார்த்தார். "என் மடியில தலை வெச்சுப் படுத்துக்கினு இருப்பா. அதை எப்படி வேணாம்னு சொல்றது?"

"அந்த இடத்தைத்தான் சபையிலேயும் குடுக்கறோம்."

அவர் எழுந்து உள்ளறை வாசல்வரை போய்வந்தார். பிறகு, "என் மனசு ஒப்பலை பிரதர். அதுக்காக மரகதம் தினமும் அழறதைப் பார்த்துக்கினு இருக்கவும் முடியலை. நீங்க செய்யுங்க, குறுக்கே நிக்க மாட்டேன். ஆனா ஒரு வாக்குறுதியும் நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

எந்த முறைமை?

எங்களிடம் ஞானஸ்நானத்துக்கு இரண்டு ஆராதனை முறைமைகள் உண்டு. பெரியவர்களுக்கானதில் பெறுகிறவரே பதில் சொல்லவேண்டும். குழந்தைகளுக்கானதில் பெற்றோர் சொல்வார்கள். நான் குழந்தைகளின் முறைமையை எடுத்தேன். எங்கள் சபைக் கமிட்டிச் செயலர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் விதிப்படி செய்கிறவர்.

"புடவை கட்டின பொண்ணுக்குக் குழந்தை முறைமையா ஐயா? கொஞ்சம் தள்ளிப் போடலாமே."

"பத்தொன்பது வருஷம் தள்ளிப் போட்டாச்சு சார்."

ஞானஸ்நானம் வைத்த ஞாயிறன்று, தண்ணீர்த் தொட்டி அருகே வந்ததும் சுகிர்தா மிரண்டுவிட்டாள். அலறிக்கொண்டு பின்னால் ஓடப் பார்த்தாள். அம்மாவால் பிடிக்க முடியவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எட்வின் எழுந்து வந்தார். மகளைப் பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டார். அவள் அடங்கினாள். கேள்விகளுக்கு மரகதம்மாள் பதில் சொன்னார். எட்வின் வாயைத் திறக்கவில்லை. நான் தலையில் தண்ணீர் ஊற்றியதும் கைக்குட்டையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தார்.

இதற்காக அவருடைய கூட்டத்தில் அவரைச் சில காலம் பிரசங்கம் செய்யவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் குறைசொன்னதில்லை.

திருவிருந்து

அப்பமும் திராட்சைரசமும் பகிரும் அடுத்த திருவிருந்து ஞாயிறன்று மரகதம்மாள் மகளையும் பீடத்துக்கு அழைத்துவந்தார். சுகிர்தா அம்மாவைப் பார்த்து அதேபோல முழங்கால் போட்டாள். அதேபோல ஓர் உள்ளங்கையின் மேல் இன்னொன்றை வைத்து நீட்டினாள். எங்கள் விதிப்படி, வளர்ந்த பிறகு பேராயர் தலையில் கைவைத்துச் செய்யும் திடப்படுத்தல் பெறாதவர்களுக்கு அப்பம் கிடையாது. திடப்படுத்தலுக்கு ஞானோபதேசம் என்ற கேள்வி பதில்களைப் படித்து ஒப்பிக்கவேண்டும். நான் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு அடுத்தவரிடம் போனேன். அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் வாயைப் பார்த்தாள்.

அவர்களை அழைத்துப்போக எட்வின் வெளியே நின்றிருந்தார். மரகதம்மாள் நடந்ததைச் சொல்லியிருக்கவேண்டும். நான் வந்ததும் கேட்டார்: "பிரதர், நாங்க இவளை வெளியே நிறுத்தி வெச்சிருந்தோம், வாஸ்தவம். நீங்க உள்ளே கூப்பிட்டீங்க. பந்தியில உட்கார வெச்சுட்டு இலை போடாம போயிட்டீங்களே, அது என்ன நியாயம்?"

அவர் குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மறுநாளே பேராயரைப் பார்க்கப் போனேன். சுகிர்தாவால் ஞானோபதேசம் ஒப்பிக்க முடியாது என்று விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"ஞானஸ்நானத்துல தாயார் சொன்ன பதிலை இவளோட பதிலா ஏத்துக்கிட்டீங்க. அன்னைக்குச் செல்லுபடியான பதில் இன்னைக்கு மட்டும் செல்லாதா?"

"கமிட்டியில கேப்பாங்க ஐயா, புரியாம வாங்கலாமான்னு."

"நீங்க குடுக்காம போனப்ப அவ என்ன பண்ணினா?"

"தன் கையைப் பார்த்தா. அப்புறம் அம்மா வாயைப் பார்த்தா."

"தனக்கு வரவேண்டியது வரலைன்னு புரிஞ்சிருக்கே. அடுத்த திடப்படுத்தலுக்கு என் முன்னால கொண்டுவாங்க. கேள்வியை நான் தாயார்கிட்ட கேட்டுக்கறேன்."

அப்படியே நடந்தது. பேராயர் அவள் தலையில் கைவைத்தபோது அவள் மிரளவில்லை. திருவிருந்துக்கு எல்லாரும் நெருங்கி முழங்கால் போட்டிருந்தார்கள். கமிட்டிச் செயலர் தாமாகவே நகர்ந்து அவளுக்கு இடம்விட்டார். நான் அவள் கையில் அப்பத்தை வைத்தேன்.

சுகிர்தா அம்மாவுக்காகக் காத்திருக்கவில்லை. எழுந்து, நேரே கடைசி பெஞ்சில் இருந்த அப்பாவிடம் போனாள். வாய் இன்னும் மென்றுகொண்டிருந்தது.

"சாப்பிட்டியாம்மா?" என்றார் எட்வின்.

அவள் தலையாட்டினாள். அவர் நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்.

எட்வின் கடைசிவரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நானும் மாற்றிக்கொள்ளவில்லை. இளம் ஆயர்கள் என்னிடம் குழந்தை ஞானஸ்நானத்துக்கு வேத ஆதாரம் கேட்பார்கள். சொல்வேன். ஒரு பிள்ளை உடன்படிக்கைக்குள் பிறந்தது என்று சொல்வதற்கு முன், அந்தச் சொல்லுக்குத் தக்கபடி சபையில் அதற்கு என்ன கொடுக்கப்போகிறோம் என்பதையும் யோசித்துவிடுங்கள் என்றும் சொல்வேன். எனக்கு அதைப் புரியவைத்தவர், அந்த உபதேசத்தையே ஏற்காத ஒரு தகப்பனார்.