நான் பிடிக்காத கொடுவா

சுவிஸிலிருந்து என் மனைவியின் அண்ணன் அனுப்பிய பெட்டியில், சொக்லேட்டுக்கும் குளிர்ச்சட்டைக்கும் நடுவே அந்தத் தூண்டில் இருந்தது. நாலு துண்டாகக் கழற்றிய கம்பு, ஒரு சில்லு, அதில் சுற்றிய தடித்த மஞ்சள் கயிறு. மச்சான் அங்கே ஆற்றில் இறங்கி நின்று இப்படித்தான் மீன் பிடிப்பாராம். ஈயமும் இல்லை, இரையும் இல்லை. இறகால் கட்டிய பொய்ப்பூச்சியைக் கயிற்றின் பாரத்திலேயே வீசி மீனை ஏமாற்ற வேண்டும்.

நான் கல்லடியில் தையற்கடை வைத்திருக்கிறவன், நூலுக்குப் பஞ்சமில்லை. எங்கள் வாவி மீனுக்குப் பூச்சியை விட இறாலில்தான் ஆசை என்று, சேவல் இறகையும் மினுங்கும் நூலையும் வைத்து இறால் மாதிரிக் கட்டினேன். வீசும் விதத்தை போனில் பார்த்துப் பழகினேன். முதலில் என் காதில் கொளுவியது, பிறகு வேலியில், பிறகு மனைவி காயப்போட்ட துணியில். ஆனாலும் அந்தக் கயிறு பின்னால் நீண்டு, ஒரு கணம் காற்றில் நின்று, முன்னால் விரிந்து போகிறதே, அந்தச் சுகத்தைக் கண்டவன் விடமாட்டான். மீன் ஒன்றும் படவில்லை. அது எனக்குப் பெரிய குறையாகவும் இல்லை.

கடை திறக்க முன் விடியற்காலையில் வாவிக்கரைக்குப் போய்விடுவேன். இடுப்பளவு தண்ணீரில் வலை வீசும் அண்ணன் ஒருவர் முதல் நாளே கேட்டார், "தம்பி, மீனுக்குப் புழுக்கமெண்டா விசிறி விடுறீங்க?" என்று. எனக்குத் துணி தருகிற காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், காலை நடைக்கு வருவார். என்னைக் கண்டால் பத்தடி தள்ளித்தான் நடப்பார். தன் தொப்பியை நான் பிடித்துவிடுவேனாம். இந்த இருவரின் வாயைக் கேட்பதற்காகவே மழையிலும் போயிருக்கிறேன்.

பிழை தொடங்கியது போனில். மச்சான் கிழமைக்கு ஒருதரம் எடுத்து, ஏதும் பட்டதா என்று கேட்பார். இல்லை, இல்லை என்று சொல்லியே எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒருநாள் சந்தையில் வாங்கிய கொடுவா மீனைக் கரையில் கிடத்தி, கம்பைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். மனுசன் அழாத குறை. லீவுக்கு வருகிறேன், அந்த இடத்தை எனக்கும் காட்டுங்கள் என்றார்.

வந்தார். பன்னிரண்டு நாள் லீவு. தனக்கும் ஒரு கம்பு கொண்டுவந்திருந்தார். எங்கே நின்று பிடித்தீர்கள் என்று கேட்க, வாய்க்கு வந்தபடி ஒரு மூலையைக் காட்டினேன். ஆறு விடியலும் அந்த மூலையிலேயே நின்றார். ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கும் போகவில்லை. அவர் வீசுவது தண்ணீருக்கு மேல் எழுதுவது போல இருக்கும். அதைப் பார்க்க மாட்டாமல் நான் என் கயிற்றுச் சிக்கை எடுக்கிற சாக்கில் குனிந்துகொள்வேன்.

ஆறாம் நாள் அவர் வலைக்கார அண்ணனிடமே, நான் கொடுவா பிடித்ததைக் கண்டீர்களா என்று கேட்டுவிட்டார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"காணாம? ரெண்டு முழம் வரும். நான்தான் வலையால தாங்கிக் குடுத்தன்."

நானா சும்மா இருப்பாரா? மீன் என்னைக் கழுத்தளவு தண்ணீர் வரைக்கும் இழுத்துப் போனதாகவும், தான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி என் கொலரில் பிடித்து நிறுத்தியதாகவும் சொன்னார். உடனே அண்ணன் மீனை இன்னும் அரை முழம் வளர்த்தார். என் மானத்தைக் காக்க இருவரும் போட்டி போட, மச்சானின் முகம் மலர்ந்துகொண்டே போனது. அப்படியென்றால் மிச்ச நாளும் இதே இடம்தான் என்றார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மச்சான், அது சந்தையில வாங்கின மீன்," என்றேன்.

அண்ணன் வலையை உதறத் தொடங்கினார். நானா கடிகாரத்தைப் பார்த்தார். மச்சான் கயிற்றைக் கடைசி அடி வரை சுற்றி முடித்தார்.

"அப்ப இந்த இடம்?"

"அதுவும் பொய்தான்."

"ஆறு நாள், மச்சான்," என்றார். வீட்டில் மத்தியானச் சோற்றைக் குனிந்தபடியே சாப்பிட்டு எழும்பினார்.

பின்னேரம் மச்சான் தனியே போய், கொடுவா உண்மையில் எங்கே வரும் என்று வலைக்கார அண்ணனிடம் கேட்டிருக்கிறார். தானும் பொய் சொன்ன வெட்கத்தில், யாருக்கும் காட்டாத இடத்தை அவர் சொல்லிவிட்டார்: கண்டல் மரங்களுக்கு நடுவே, வற்று நேரத்தில் தண்ணீர் வாவிக்குள் இறங்கும் ஒரு வாய்க்கால். மறுநாள் விடிய என் கதவு தட்டப்பட்டது.

"எழும்புங்க. நீங்க இடம் காட்ட வேணாம். கூட வந்தாப் போதும்."

அங்கே நாலாம் நாள்தான் கயிறு இழுபட்டது. கம்பு வில்லாக வளைந்தது. வெள்ளியாக ஒன்று தண்ணீருக்கு மேலே எழும்பி, வாயைப் பிளந்து தலையை உதறி, அறுத்துக்கொண்டு போனது. மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"கண்டீங்கதானே?"

"கண்டன். கொடுவாதான்."

அவர் சுற்றிப் பார்த்தார். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. "கடவுளே, சாட்சிக்கு நீங்க மட்டுந்தானா?" என்று தலையில் கையை வைத்தவர், அப்படியே சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் நிற்க முடியாத சிரிப்பு.

திரும்பும் வழியில் அண்ணனையும் நானாவையும் கண்டு, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஒரு விரற்கடை கூட்டவில்லை. இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு நானா மச்சானின் தோளில் கையைப் போட்டு, பரிவோடு கேட்டார்:

"தம்பி, நீங்களுமா?"