குன்றை விட்டுக்கொடுக்காத தேவகி

தேவகியோடு வேலை பார்த்த குமரன் என்னை அழைப்பதில்லை, குறுஞ்செய்திதான் அனுப்புவார். அன்று காலை ஃபேரர் பார்க்கில் தோசைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது கைபேசி அடித்தது. அவர் பெயரைப் பார்த்ததுமே செய்தி புரிந்துவிட்டது. "அக்கா போயிட்டாங்க, சார்" என்றார். தோசையைக் கட்டித் தரச் சொல்லிவிட்டு, செங்காங்கில் இருந்த தேவகியின் வீட்டுக்குக் கிளம்பினேன்.

அவர் நினைவாக இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவர் உறவினர், சிலருக்குப் பக்கத்து வீட்டுக்காரர். என்ன வேலை பார்த்தார் என்பதை இறுதிச் சடங்கன்றுதான் சிலர் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். டாங்கிகள் மோதும் கணினி விளையாட்டு ஒன்றுக்கு அவர் களங்களை வடிவமைத்தார். எங்கே மேடு, எங்கே பள்ளம், எந்தச் சுவருக்குப் பின்னால் ஒளியலாம், ஒளிந்தவனை எந்த வழியாகப் போய்ப் பிடிக்கலாம் என்பதெல்லாம் அவர் முடிவு. அதற்கு முன்பு நிஜச் சாலைகளின் சந்திப்புகளை வரையும் வேலையில் இருந்தவர்.

ஆங் மோ கியோவில் இருந்த அந்தச் சிறிய நிறுவனத்துக்கு ஒரு பத்திரிகைக் கட்டுரைக்காகப் போனபோது அவரை முதலில் சந்தித்தேன். கேள்விகளை எடுத்தேன். "முதல்ல ஓட்டுங்க அண்ணே, அப்புறம் கேளுங்க" என்று என் கையில் விசைப்பலகையைத் தள்ளினார். நான்கு திசையும் தெரியட்டும் என்று டாங்கியை ஒரு மேட்டின் உச்சிக்கு ஓட்டினேன். உடனே வெடித்துச் சிதறியது. "உச்சியில நின்னா ஊருக்கே தெரியும். கொஞ்சம் கீழ நில்லுங்க. உடம்பு மண்ணுக்குப் பின்னால, பீரங்கி மட்டும் வெளிய" என்றார். அந்தக் கட்டுரையில் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டது அந்த வரியைத்தான்.

அடுக்குமாடியின் மேல்தளத்தில் வளர்ந்தவர்கள் நிலத்தை மேலிருந்தே பார்க்கப் பழகிவிடுகிறோம், டாங்கிக்குள் இருப்பவனுக்கு முழங்கால் உயர மேடும் மலைதான் என்று அடிக்கடி சொல்வார். அதைச் சரிபார்க்க ஒருமுறை ஃபேரர் பார்க் பக்கம் ஒரு புல்தரையில் குப்புறப் படுத்துவிட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் பதறிப்போய், "என்னம்மா, மயக்கமா? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்றார். "இல்ல அங்கிள், டாங்கி ஓட்டறேன்" என்றார் தேவகி, தலையைத் தூக்காமல். பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம் இருந்தது.

அவருடைய கடைசிக் களத்தின் நடுவே ஒரு நீண்ட குன்று. அதன் கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக இரண்டு மண்பாதைகள். வடக்கே ஓர் அணி, தெற்கே ஓர் அணி. சண்டை முழுவதும் அந்தக் குன்றுக்காகவே நடக்க வேண்டும் என்பது அவர் திட்டம். நோய் முற்றியிருந்தது; அது தன் கடைசிக் களம் என்று அவருக்குத் தெரியும்.

அவர் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்திருந்த ஒரு மாலை, நான் போனபோது குமரன் ஏற்கெனவே அங்கே இருந்தார். அந்த விளையாட்டின் தயாரிப்பாளர் அவர். எது இருக்கும், எது போகும் என்பது அவர் கையில்.

"அக்கா, ஆபிஸ்ல எத்தனை தடவை ஆடிப் பார்த்தாலும் குன்றுமேல யாருமே ஏறல. சண்டையே வரல. வெள்ளிக்கிழமை களத்தைப் பூட்டணும், அப்புறம் எதையும் மாத்த முடியாது. குன்றை எடுத்துடலாம் லா. நீங்க ரெஸ்ட் எடுங்க."

தேவகி அந்த ஆட்டங்களின் பதிவைப் போடச் சொன்னார். இரண்டு முறை பார்த்தார்.

"எல்லாரும் இடப்பக்கமாவே போறாங்க, பாரு. எதிரெதிரா வர்ற ரெண்டு பேரும் இடப்பக்கம் போனா நடுவுல குன்றுதான் நிக்கும். எங்கடா சந்திப்பாங்க? நம்ம ஊரு ரோட்டுல போற மாதிரி போறாங்க. காட்டுல யாரு கோடு போட்டா?"

"அப்ப எல்லை தாண்டி ஜோகூர்லேர்ந்து ஆளைக் கூட்டிட்டு வரவா?"

"அங்கயும் இடப்பக்கம்தான்."

"சென்னை?"

"அங்கயும் இடப்பக்கம்தான்."

"சென்னையில எல்லாப் பக்கமும் போவாங்கக்கா" என்றார் குமரன். தேவகி சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.

அப்போது பணி முடிந்து விடைபெற வந்தார் தாதி மாரிசெல், பிலிப்பீன்ஸ்காரர். உங்கள் ஊரில் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று தேவகி ஆங்கிலத்தில் கேட்டார். வலப்பக்கம் என்றார் அவர். தேவகி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தன் மடிக்கணினியைக் கொடுத்தார். குமரன் தன்னுடையதைத் திறந்தார்.

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே குமரன் கத்தினார்: "ஐயோ, இவங்க எங்கேர்ந்து வந்தாங்க!" குன்றின் கீழே ஒரே பாதையில் இருவரும் நேருக்கு நேர். குமரன் பின்வாங்கி, சரிவில் ஏறி, உச்சிக்குச் சற்றுக் கீழே டாங்கியை மறைத்துக்கொண்டு சுட்டார். மாரிசெல் சுற்றிவந்து மறுபக்கத்தில் ஏறினார். தேவகி தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"சரிக்கா, குன்று இருக்கட்டும்" என்றார் குமரன்.

"இப்படியே இருக்கக்கூடாது. மாரிசெல் வந்தாத்தான் வேலை செய்யும்னா அது என் தப்பு. ஆளுங்க பழக்கத்தை நாம மாத்த முடியாது. ஆனா பழக்கத்துல போறவனுக்கு அடி விழணும். அப்பத்தான் மேல பார்ப்பான்."

ஒரு கையில் ஊசி குத்தியிருந்தது. மறுகையால் வேலை செய்தார். இரண்டு பாதைகளையும் மறைத்திருந்த மரங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். குன்றின்மேல் இருப்பவனுக்கு இரு பாதைகளும் தெரியும்படி சரிவுகளைத் திருத்தினார். வலி வந்தபோது நிறுத்தினார், தணிந்ததும் தொடர்ந்தார். ஓய்வெடுக்கச் சொன்ன எல்லோருக்கும், "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்" என்ற ஒரே பதில். வெள்ளிக்கிழமை களம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் அதே அலுவலக ஆட்கள் அதில் ஆடினார்கள். தேவகி கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல எல்லோரும் இடப்பக்கம். தவறிப்போய் மேட்டில் ஏறிய ஒருவன் அங்கிருந்து சுட, முதல் டாங்கி எரிந்தது. அடுத்த ஆட்டத்தில் ஒரு டாங்கி பாதையில் தயங்கி நின்றது. பிறகு மெல்லச் சரிவுப் பக்கம் திரும்பியது. "ஏறிட்டான்!" என்று அவர் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

விளையாட்டு வெளிவந்ததைத் தேவகி பார்க்கவில்லை. குன்று இருக்கிறது. யார் யாரோ, எந்தெந்த ஊர்க்காரர்களோ, அதன்மேல் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லோரும் ஒரே பக்கம் போகும்போது, இவர்கள் எல்லோரும் எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்பது: அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். நேற்று பத்திரிகை அலுவலகத்தில் ஒரு செய்தி என் மேசைக்கு வந்தது. பேருந்து நிறுத்தத்தை இடம் மாற்றுவதைக் குடியிருப்பாளர்கள் ஒருமனதாக வரவேற்கிறார்கள் என்றது. அதில் பேசியிருந்தவர்கள் அனைவரும் ஒரே அடுக்குமாடி புளோக்கில் வசிப்பவர்கள். எழுதிய நிருபரைக் கூப்பிட்டு, சாலைக்கு அந்தப்புறம் இருக்கும் புளோக்குக்குப் போய்க் கேட்டு வரச் சொன்னேன்.

"மழை பெய்யுது சார். நாளைக்குப் போகட்டுமா?"

"இன்னிக்கே போங்க" என்று குடையை எடுத்துக் கொடுத்தேன்.