மாமியார் முகம் தெரியாத ஜாமீன்தாரர்

நாமக்கல் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்த மூன்றாவது மாதம், கலப்படமில்லாத ஓர் உண்மையை அழகான கையெழுத்தில் எழுதினேன். அதனால் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்திக்கு ஏழு வாரம் வீணாய்ப் போயிற்று. இப்போது ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகள், உண்மையை எழுதினால் போதும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். எனவே சொல்லி வைக்கிறேன்.

1. விசா வந்த கதை

யுத்தத்துக்கு ஒரு வருஷம் முன்பு சேலம் கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு கட்டு வந்தது. மேலே சிவப்பு மையில் 'அவசரம்' என்று எழுதியிருந்தது. சுமத்ராவில் புறப்பட்டு, சென்னையில் இளைப்பாறி, சேலத்தில் தூங்கி, எங்களிடம் வந்து சேர அந்த அவசரத்துக்கு இரண்டரை மாதம் ஆகியிருந்தது.

விஷயம் இதுதான். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர் நல்லப்பன். அவருடைய மாமியார் அங்கம்மாள், டச்சுக்காரர் ஆண்ட சுமத்ராத் தீவில் மேடான் பட்டணத்திலே பிறந்தவள். அங்கே மாட்டுவண்டி ஓட்டப் போன வேலூர்க்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். ஒரே மகள் பாவாயியைச் சொந்த ஊர்ப்பக்கம் கொண்டுவந்து நல்லப்பனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு இருவரும் திரும்பிப் போனார்கள். போன இடத்தில் அந்த மனிதர் காலமாகிவிட்டார்.

பாவாயிக்கு முதல் பிள்ளை பிறந்து மூன்றாம் நாளே போய்விட்டது. இப்போது மறுபடியும் ஐந்து மாதம். இந்தத் தடவை ஆத்தா பக்கத்தில் இல்லாமல் பெற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆத்தாளோ சர்க்கார் கண்ணுக்கு அந்நிய நாட்டுப் பிரஜை. கல்யாணத்தின்போது புருஷனுடைய காகிதத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது காகிதமும் இல்லை, புருஷனும் இல்லை. மகளின் பிரசவத்துக்கு வர ஆறு மாத விசிட்டர் விசா வேண்டும். அதற்கு இங்கே நிலமுள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். அந்த ஜாமீன்தாரரை விசாரித்து எழுத வேண்டியது தாலுகா ஆபீஸ்.

விசா என்ற சொல்லை எங்கள் ஆபீசில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. கேட்டதில்லை என்று யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஹெட்கிளார்க் கட்டை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என் மேசையில் வைத்தார்.

"தம்பி, நீதான் படிச்ச புள்ள. உலகத்தைத் தெரிஞ்சுக்க இது நல்ல சந்தர்ப்பம்" என்றார். தெரியாத வேலையைப் புதியவன் தலையில் கட்டுவதற்கு ஆபீஸ் பாஷையில் சந்தர்ப்பம் என்று பெயர்.

2. ஏழாவது கேள்வி

நல்லப்பன் வந்தார். முப்பது வயதிருக்கும். ஒரு கவுளி வெற்றிலையை ஹெட்கிளார்க் மேசையில் வைத்தார். "இதெல்லாம் லஞ்சம், எடுத்துட்டுப் போ" என்று ஹெட்கிளார்க் கண்டித்தார். கண்டித்துக்கொண்டே மேலே இருந்த இரண்டு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார்.

அச்சடித்த பாரத்தில் பத்துக் கேள்விகள். நிலம், கிஸ்தி, குடும்பம் என்று ஆறு கேள்வி தடையில்லாமல் ஓடியது. ஏழாவது: விசிட்டரை ஜாமீன்தாரர் கடைசியாக நேரில் பார்த்தது எப்போது?

"பாத்ததில்லீங்க" என்றார் நல்லப்பன்.

"கல்யாணத்துக்கு வந்திருந்தாங்கல்ல?"

"வந்திருந்தாங்க. மூணு மாசம் எங்கூட்டுலதான் இருந்தாங்க. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு நல்லாப் பேசுவாங்க. மொகத்தைப் பாத்ததில்லீங்க. மாமியா மொகத்தை மருமவன் எப்புடிங்க பாக்கறது?"

"கால்ல விழுந்திருப்பீங்களே?"

"உழுவறப்பக் கீளதானுங்களே பாக்கோணும். காலைப் பாத்திருக்கறேன். சோத்துக்கால் சுண்டுவெரலு பக்கத்து வெரலு மேல ஏறியிருக்கும்."

பாரத்தில் சுண்டுவிரலுக்குக் கட்டம் இல்லை. மேடானிலிருந்து வந்த போட்டோவை அவரிடம் நீட்டினேன். 'இவர்தான் அவர்' என்று பின்பக்கத்தில் ஜாமீன்தாரர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மனிதர் அதை வாங்கியவுடன் குப்புறக் கவிழ்த்துக்கொண்டார்.

"போட்டாவுல பாத்தாலும் பாத்ததுதானுங்களே" என்றார்.

"பார்க்கவே வேண்டாங்க. அப்படியே பின்னால கையெழுத்து மட்டும் போடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். மூன்று மாதத்துக்குள் அவ்வளவு முன்னேறியிருந்தேன்.

"பாக்காத மொகத்தைத் தெரியும்னு எப்புடிங்க எளுதறது? பொய் சொல்லிப்போட்டு, நாளைக்குக் கொளந்தைக்கு ஒண்ணுன்னா, அதுனாலதான்னு மனசு அறுக்குமுங்க சாமி."

போட்டோவின் பின்பக்கம் காலியாகவே இருந்தது. ஏழாவது கட்டத்தில் 'பார்த்ததில்லை' என்று எழுதினேன். எழுத்து முத்து முத்தாக விழுந்தது.

இதில் என்னுடைய யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய வாரம்தான் திருச்செங்கோட்டில் என் மாமியார் வீட்டு விருந்துக்குப் போயிருந்தேன். இரண்டு நாள் வயிறு முட்டத் தின்றேன். கதவிடுக்கில் ரசக் கிண்ணத்தை நீட்டிய ஒரு கையும் நாலு வளையலும் தவிர அந்த அம்மாளைப் பற்றி எனக்கும் ஒன்றும் தெரியாது.

3. ஆபீசுக்கு வந்த சந்தேகம்

தாசில்தார் சென்னைப் பட்டணத்துக்காரர். ஏழாவது பதிலுக்கு எதிரே இங்கிலீஷில் ரிமார்க்கு எழுதினார். மூன்று மாதம் ஒரே வீட்டில் இருந்த மாமியாரை மருமகன் பார்த்ததில்லை என்பது நம்பும்படியாக இல்லை, ஆள்மாறாட்டம் நடக்கலாம், விசா கொடுக்க வேண்டாம் என்பது அதன் சாரம். அவருடைய மாமியாரும் அவர் பங்களாவில்தான் இருந்தார். இவர் கூடத்தில் கால் வைத்தால் அந்த அம்மாள் சமையலறைக்குள் மறைந்துவிடுவார் என்று டபேதார் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நான் ஹெட்கிளார்க்கிடம் போனேன். "நம்ம பக்கத்து வழக்கம்தானுங்களே சார் இது? நீங்களாவது ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"எனக்குக் கல்யாணமாயி இருவத்திரண்டு வருசமாச்சு. எங்க மாமியா மொகம் எனக்குந்தான் தெரியாது. அதுக்காக ரூலை மாத்த முடியுமா?" என்றார் அவர், வெற்றிலையை மென்றுகொண்டே.

ஆக, மாமியார் முகம் தெரியாத பதினொரு பேர் உட்கார்ந்திருந்த ஆபீசில், மாமியார் முகம் தெரியாத பன்னிரண்டாவது ஆள்மேல் சந்தேகம் விழுந்தது. கட்டு சப்கலெக்டரிடம் போயிற்று. அவர் வெள்ளைக்காரர். அவருக்கு மாமியார் லண்டனில் இருந்தார். முகம் நன்றாகத் தெரியும். 'மறுவிசாரணை' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். இதில் ஐந்து வாரம் போயிற்று.

செவ்வாய்க்கிழமை தோறும் நல்லப்பன் வருவார். "ஏனுங்க, அத்தை வந்தர்லாங்களா?" என்பார். இல்லை என்று தலையாட்டுவேன். சண்டை போடாமல் போய்விடுவார். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆறாவது செவ்வாய் பாவாயியும் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஏழு மாத வயிறு. நேராக என் மேசைக்கு வந்தாள்.

"நீங்க எளுதிப்போட்டதுல எங்காத்தா யாரோ எவரோன்னு ஆயிப்போச்சாமா?"

நான் கட்டை எடுத்து அவிழ்த்தேன்.

"அவிங்களுக்குத் தெரியாட்டி என்னங்க? என்னையப் பெத்தவளை எனக்குத் தெரியாதா? போட்டாவை எடுங்க. நான் சொல்றேன்."

ஹெட்கிளார்க் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். "அடையாளம் சொல்றவங்க ஜாமீன்தாரரா இருக்கோணும். ஜாமீன்தாரர்னா பட்டா இருக்கோணும். உம்பேருல பட்டா இருக்குதா அம்மிணி?"

அவள் பேரில் கைப்பிடி மண் கூடக் கிடையாது. நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவும் இல்லை. நல்லப்பன் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் நல்லப்பன் மட்டும் வந்தார். கையில் ரிஜிஸ்தர் ஆன பத்திரம். கொடிக்காலில் அரை ஏக்கரைப் பெண்டாட்டி பேருக்கு எழுதிவைத்துவிட்டிருந்தார். பத்திர ஆபீஸ் வாசலில் அவருடைய பெரியப்பா, "மாமியாக்காரியக் கூட்டியாறதுக்கு மண்ணை எளுதி வெக்கறவனை இன்னிக்குத்தாண்டா பாக்கறேன்" என்று காறித் துப்பினாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பொய்க் கையெளுத்துக்கு இது தேவலைங்கன்னேன்."

பட்டா மாறுதல் சாதாரணமாக ஒரு வருஷத்து ஜமாபந்தியிலிருந்து அடுத்த வருஷத்து ஜமாபந்தி வரைக்கும் ஊறும். நான் கட்டை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். கர்ணம், கிராம முன்சீப், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கையெழுத்து வாங்கினேன். நாலு நாளில் பட்டா மாறியது. ஹெட்கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாலு நாள்லயா? உனக்கு அவங்க சொந்தமா?"

ஒருவர் வேலையை ஒழுங்காகச் செய்தால் அவருக்குச் சொந்தம் இருக்க வேண்டும் என்பது ஆபீஸ் நம்பிக்கை. பாவாயி வந்து போட்டோவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பின்பக்கம் முதல் ஜாமீன்தாரருக்கான இடத்தில் பெருவிரல் ரேகை வைத்தாள். முதலில் ஜாமீன் நின்ற நல்லப்பன் இப்போது இரண்டாம் ஜாமீன்தாரர். அவர் இடம் காலி. ஒரு கையொப்பம் போதும் என்று சப்கலெக்டர் எழுதினார். விசா கொடுத்தாயிற்று என்று மேடானுக்குத் தந்தி போயிற்று.

4. ஆஜர்

அங்கம்மாள் வந்து இறங்கியபோது பாவாயிக்கு மாதம் நிறைந்துவிட்டது. விசாவில் ஒரு நிபந்தனை: வந்தவுடன் தாசில்தார் முன் ஆஜராக வேண்டும், ஜாமீன்தாரர் நேரில் அடையாளம் காட்ட வேண்டும். பாவாயியால் வண்டியேற முடியாது. நல்லப்பன்தான் அழைத்து வந்தார். அழைத்து வந்தார் என்றால், இவர் முன்வண்டியில், மாமியார் பின்வண்டியில்.

அறைக்குள் நுழைந்ததும் அங்கம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ரிக்கார்டு பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நல்லப்பன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தாசில்தார் பீரோவையும் இவர் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, அடையாளம் காட்டணும். இவங்கதான் உங்க மாமியாரா?"

நல்லப்பன் பாதி திரும்பி, தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார். பீரோ நாலு கால்மேல் நின்றது. அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன.

"ஆமாங்க. எங்க அத்தைதானுங்க."

"முகத்தைப் பார்க்காமலேவா?"

"மொகத்தை நீங்க பாத்துக்கங்க சாமி. நான் பாக்கறதைப் பாத்தாச்சு."

பீரோவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மாப்பளே, புள்ள நல்லா இருக்கறாளாங்க?"

"நல்லா இருக்கறாளுங்க அத்தை" என்றார் நல்லப்பன் ஜன்னலிடம். "வலி வந்தாலும் வரும்னாங்க. வண்டி நிக்குது."

"அப்ப அந்த ஐயாவை வெரசாக் கையெளுத்துப் போடச் சொல்லுங்க. கப்பல்லயே பதினஞ்சு நாள் போயிருச்சு."

தாசில்தாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு எனக்கு டிக்டேட் செய்தார்: 'ஜாமீன்தாரர் விசிட்டரின் முகம் பார்த்து அடையாளம் காட்டினார்.' அதையும் அதே முத்தான கையெழுத்தில் எழுதினேன். இந்த வாக்கியத்துக்குச் சேலத்திலிருந்து ஒரு கேள்வி வரவில்லை, சென்னையிலிருந்து ஒரு கேள்வி வரவில்லை. உண்மைக்கு ஏழு வாரம் ஆயிற்று. பொய் அன்று மாலைத் தபாலிலேயே போய்விட்டது.

ஒன்பதாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நல்லப்பன் இரண்டு கவுளி கொண்டுவந்தார். ஹெட்கிளார்க் இந்தத் தடவை கண்டிக்க மறந்துவிட்டார்.

5. போட்டோவின் பின்பக்கம்

ஆறு மாதம் முடிவதற்குள் பாவாயியின் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு நீட்டிப்பு. அதற்குள் யுத்தம். பிறகு ஜப்பான்காரன் சுமத்ராவைப் பிடித்துக்கொண்டான். விசிட்டராக வந்த அங்கம்மாள், கொடிக்கால் ஓரத்தில் தனியாக ஒரு சாளைக் குடிசை போட்டுக்கொண்டு, மூன்று பேரப்பிள்ளைகளை வளர்த்தாள். வருஷா வருஷம் 'கப்பல் இல்லை' என்று எழுதி நான் நீட்டிப்பு வாங்கினேன்.

யுத்தம் முடிந்ததும் சர்க்காருக்கு ஞாபகம் வந்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன் ஆறு மாதத்துக்கு வந்தவர் ஏன் திரும்பவில்லை என்று அங்கம்மாள் பேருக்கு நோட்டீஸ் போயிற்று. நோட்டீசோடும் கிராம முன்சீப் கொடுத்த மரணச் சீட்டோடும் நல்லப்பன் வந்தார். அவள் இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அப்போது நான் ஹெட்கிளார்க்.

கட்டை முடிக்க வேண்டுமே என்று அவிழ்த்தேன். நல்லப்பன் கேட்டார்: "அந்தப் போட்டா இன்னும் இருக்குதுங்களா?"

பழக்கதோஷத்தில் அதைக் கவிழ்த்துப் பிடித்துக் கொடுத்தேன். அவர் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"கோடித்துணி போத்தறப்பத்தானுங்க மொதமொதல்ல மொகத்தைப் பாத்தேன். பாவாயி சாடை அப்புடியே இருக்குதுங்க. இத்தனை வருசம் எனக்குத் தெரியாது" என்றார். "இவங்கதானுங்க. அன்னிக்குப் போடாம உட்ட கையெளுத்தை இப்பப் போட்டர்லாங்களா?"

அதற்கு ரூல் கிடையாது. பேனாவை மையில் தொட்டுக் கொடுத்தேன். பாவாயியின் ரேகைக்குக் கீழே, எட்டு வருஷம் காலியாயிருந்த இடத்தில், எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த தணிக்கையில் கேள்வி வந்தது: விசிட்டர் இறந்த பிறகு ஜாமீன்தாரர் அடையாளக் கையொப்பம் இட்டது ஏன்? மூன்றாவது மாதத்துக் குமாஸ்தாவாக இருந்திருந்தால் 'முன்பு பார்த்ததில்லை' என்று மட்டும் எழுதியிருப்பேன். பதிலை மட்டும் எழுதினால் போதாது, பதில் சொன்னவனுடைய காரணத்தையும் எழுத வேண்டும் என்று படிக்க எனக்கு எட்டு வருஷமும் பிறத்தியார் அரை ஏக்கரும் செலவாகியிருந்தன. அதனால் இந்தத் தடவை இரண்டு வரி எழுதினேன்:

'மாமியார் உயிரோடு இருக்கையில் மருமகன் முகம் பார்ப்பது இப்பக்கம் வழக்கமில்லை. பார்த்த பிறகுதான் கையெழுத்திட்டார்.'

அதற்கு மறுகேள்வி வரவில்லை.