தம்பிக்காகக் குறைத்த பதினாறு கிலோ

வாடகைக் கார் கம்பெனியில் போன் எடுத்து வண்டி அனுப்புவது அவர் வேலை. பதினொரு வருடமாக ஒரே நாற்காலி. முப்பது டிரைவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வயது மூத்தவரான முதலாளிக்கும் அவர் அக்காதான். எந்தத் தெரு எங்கே போய் முட்டும், எந்தப் பாலத்தில் எப்போது நெரிசல் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அந்தத் தெருக்களில் அவர் நடந்ததில்லை. காலையில் ஒரு டிரைவர் வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்வார், மாலையில் இன்னொருவர் இறக்கிவிடுவார்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயதானபோது தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாயின. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மாற்று உறுப்புக்கான பட்டியலில் பெயர் பதிந்தார்கள். முறை வர வருடக்கணக்கில் ஆகலாம் என்றார்கள். பரிசோதித்ததில் அக்காவின் சிறுநீரகம் பொருந்தியது. “அப்போ எடுத்துக்குங்க டாக்டர்” என்றார் அக்கா. டாக்டர் எடை மெஷினில் ஏறச் சொன்னார். தொண்ணூற்றேழு.

“எண்பத்தொண்ணுக்கு வாங்க, அப்புறம் பேசலாம். இந்த எடையில ஆபரேஷன் உங்களுக்கு ஆபத்து. மிச்சம் இருக்கப்போற ஒத்தக் கிட்னிக்கும் சுமை.”

வெளியே வந்ததும் தம்பி சொன்னான்: “விடுக்கா. உன்னால முடியாது.” அக்கறையில் சொன்னதுதான். அக்காவுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை வண்டி வந்து ஹார்ன் அடித்தது. “நீ போப்பா, நான் நடந்து வரேன்.” அந்த டிரைவர் நம்பவில்லை. விழுந்துவிடப் போகிறாரோ என்று பாதி தூரம் பின்னாலேயே ஊர்ந்து வந்தார். மூன்று கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம். வேர்த்து விறுவிறுத்துப் போய் உட்கார்ந்து முதல் போனை எடுத்ததும், எதிர்முனையில் இருந்த பெண் கேட்டாள்: “என்னங்க, யாராச்சும் துரத்துறாங்களா?”

தினமும் போக வர நடந்தார். ஒரு மாதம் கழித்து மெஷினில் ஏறினால் தொண்ணூற்றாறு. அக்காவின் முகம் தொங்கிப்போனது.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஒரு சின்னப் பெண். “எப்படி நடக்குறீங்க?” என்று கேட்டாள்.

“பாட்டுக் கேட்டுக்கிட்டு. கூடவே நானும் பாடிக்கிட்டு.”

“பாட முடிஞ்சா அது உலாத்துறது மேடம். பேச்சு வரணும், பாட்டு வரக் கூடாது. அதுதான் வேகம்.” பிறகு, ஒரு வாரம் வாயில் போடுவது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள்.

எழுதிப் பார்த்ததும் அக்காவே அதிர்ந்துபோனார். சவாரி முடித்து வருகிற ஒவ்வொரு டிரைவரும் மேஜையில் எதையாவது வைத்துவிட்டுப் போவார்: பிஸ்கட், கேக் துண்டு, வறுத்த கடலை. நாளைக்கு ஏழு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மாலையில் நடந்த களைப்புக்கு ஒரு கிரீம் பன்.

“காலையில கரைக்கிறதை அந்தப் பன் ஒண்ணே திருப்பிக் குடுத்துடுது” என்றாள் அந்தப் பெண்.

அன்றே அக்கா வயர்லெஸ்ஸில் எல்லா வண்டிகளுக்கும் அறிவித்தார்: “இனிமே என் மேஜையில தின்பண்டம் வைக்கிறவங்களுக்கு அன்னைக்கு ஏர்போர்ட் சவாரி கிடையாது.” மேஜை சுத்தமாகிவிட்டது.

டீயில் சர்க்கரை நின்றது. சோறு பாதியானது, தட்டில் பாதி இடத்தைக் காய்கறி பிடித்தது. கூட ஒரு முட்டை, அல்லது பயறு. அவர் கணவர் மூன்று நாள் முணுமுணுத்தார். “எனக்கென்ன ஆபரேஷனா?” என்றார். நான்காம் நாள் அதையே சாப்பிட்டார். இரண்டு மாதத்தில் அவர் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது.

மூன்று கிலோமீட்டர் முப்பத்துநான்கு நிமிடமானது. மாதத்துக்கு இரண்டு, மூன்று கிலோ இறங்கியது. எண்பத்தாறில் வந்து ஐந்து வாரம் அசையவே இல்லை. தம்பி அதற்குள் இளைத்துக் கறுத்துப்போயிருந்தான். அக்கா ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பிறகு சமையல் எண்ணெயை அளந்து ஊற்றத் தொடங்கினார்; மேம்பாலம் ஏறி இறங்கும் சுற்றுவழியில் நடந்தார். எட்டாம் மாதம் முள் எண்பத்தொன்றில் நின்றது. டாக்டர் தேதி குறித்தார்.

ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தம்பி போன் செய்தான். 

“அக்கா, கிடைச்சிடுச்சு. பட்டியல்ல என் முறை வந்துடுச்சு. உடனே வரச் சொல்றாங்க.”

“அப்போ என்னுது?”

“அது உன்கிட்டயே இருக்கட்டும்க்கா.”

அக்கா சிரித்தார், அழுதார். கொஞ்சம் கோபமும் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு அக்கா மூன்று வாரம் நடக்கவில்லை. டிரைவர் ஹார்ன் அடித்ததும் ஏறிக்கொண்டார். பன்னும் சாப்பிட்டார். எடை எண்பத்துநான்கு. இனிமேல் யாருக்காக வாயைக் கட்டுவது என்று தோன்றியது. ஆனால் ஆபீஸ் மாடிப்படியில் பழையபடி மூச்சு வாங்கியபோது அது பிடிக்கவில்லை. அடுத்த நாள் ஹார்ன் சத்தம் கேட்பதற்கு முன்பே கிளம்பி நடந்தார்.

மூன்று மாதத்தில் தம்பிக்கு மருந்தால் பசி கூடி, கன்னம் உப்பி, வயிறு எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அவன் வீட்டுக்குப் போய்க் கிளப்புகிறார்.

“மெதுவாப் போக்கா. நான் நோயாளி.”

“அது போன வருஷம். கையை வீசி நட.”

அக்கா இப்போது எண்பத்திரண்டு. தம்பி எவ்வளவு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறான்.