பதினாறு ஓட்டைகள்

எமர்ஜென்சி முடிந்த வருஷம் ஜமுனாமரத்தூர் காலேஜ் விடுதியில் காவல் வேலைக்குச் சேர்ந்தேன். எட்டு வருஷம் இருந்தேன். காலேஜ் கீழே டவுனில். செடிகொடி படிக்கிற பசங்கள் மலைக்கு வந்து மாசக்கணக்கில் அங்கே தங்குவார்கள். கூட்டுவது, வெந்நீர் போடுவது, பூட்டுவது என் வேலை.

கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தது. காட்டிலாகா துரைகளுக்குக் கட்டினது. பிறகு காலேஜுக்கு வந்தது. கல் சுமந்தது எங்கள் ஊர் ஆட்கள். சுவர் ஒன்றரை முழம் அகலம். சிமெண்டு கிடையாது. கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு. மேலே தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல்லை நிற்க வைத்து அடுக்கிய தளம். நீளமான கூடம். உத்திரத்துக்குக் கீழே பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு ஓட்டைகள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு மார்கழியில் பசங்கள் நடுங்கினார்கள்.

"அண்ணே, மேலேர்ந்து ஊதுது. இன்னா பண்றது?"

எங்கள் வீட்டில் ஜன்னலே கிடையாது. அதனால் கதகதப்பு. ஏணி வைத்துக் கல்லும் சேறும் போட்டுப் பதினாறையும் அடைத்தேன். பசங்கள் கை தட்டினார்கள்.

இரண்டு மழைக்காலம் போனது. சுவர் வியர்த்தது. பூச்சு பொருக்குப் பொருக்காக விழுந்தது. காலேஜ் எஞ்சினியர் வந்தார். உத்திரம் சுவரில் சேருகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தினார். உள்ளே போனது.

"தளம் ஒழுகுது. இடிச்சிட்டு கான்கிரீட் போட்டுர வேண்டியதுதான். நாளைக்கு எழுதித் தர்றேன்" என்று கூட வந்தவரிடம் சொன்னார்.

தளம் ஒழுகவில்லை. எனக்குத் தெரியும். ஈரம் வந்தது நான் அடைத்த பிறகு. எங்கள் வீட்டுக் கூரை புல். ஆவி அது வழியே போய்விடும். இது கல். இருபது பேர் மூச்சு எங்கே போகும்?

உட்கார்ந்தேன், எழுந்தேன். கூட்டின இடத்தையே கூட்டினேன்.

"இன்னா, வாலுல நெருப்பு வெச்ச கணக்கா சுத்துற?" என்றாள் என் வீட்டுக்காரி. சொன்னேன்.

"வாயத் தொறந்தா வேலை போய்டும்" என்றேன்.

"தொறக்கலன்னா கட்டடமே போய்டும். அப்பறம் இன்னாத்துக்கு காவல் இருப்ப, கல்லு குவியலுக்கா?"

மறுநாள் காலையில் எஞ்சினியர் கூடத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். நான் ஏணியில் ஏறிக் கடப்பாரையால் ஒரு ஓட்டையைக் குத்தினேன். சேறு அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

"யோவ், இன்னாயா பண்ற?"

"நான்தாங்க அடைச்சேன். பசங்களுக்குக் குளிருதுன்னு."

"எப்ப?"

"ரெண்டு மழைக்கு முன்னாடிங்க."

"எத்தினி?"

"எல்லாத்தியும்ங்க."

"அடப்பாவி! காத்துப் போற வழிய்யா அது!"

தளத்தில் ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கினார். எழுதின தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஓட்டைகளைத் திறந்துவிட்டு மூன்று உத்திரம் மட்டும் மாற்றினார்கள். கோடையில் சுவர் காய்ந்தது. எனக்கு இனி வேலை இல்லை என்று காலேஜிலிருந்து ஆள் வந்து சொன்னான். சாமை விதைக்கப் போனேன்.

சந்தைக்குப் போகும்போதெல்லாம் ரோட்டில் நின்று பார்ப்பேன். எட்டு ஓட்டைதான் தெரியும். அந்தப் பக்கத்து எட்டு தெரியாது. அது உறுத்தும்.

ஒரு நாள் இந்தப் பக்கத்து ஓட்டை ஒன்றில் யாரோ துண்டைச் செருகியிருந்தார்கள். கேட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

"யாருய்யா நீ?" என்றான் புதுக் காவல்காரன்.

ஏணி எங்கே என்று கேட்டேன்.