ஓரம் கருகிய படங்கள்

எங்கள் தெருத் தையற்காரிக்கு உட்கார்ந்தாலும் கால் நிற்காது. மிஷின் இல்லாத நாற்காலியிலும் பாதம் தரையை மிதித்துக்கொண்டேயிருக்கும்.

அவள் வாட்டர்கலர் வரைவாள் என்றால் நம்பமாட்டார்கள். துணி வெட்டும் மேசையை ஒதுக்கிக்கொண்டு இருபது வருஷமாகத் தன் வீட்டையே வரைந்துவந்தாள். அகல வாளிக்குள் உட்கார்ந்து குளிக்கும் மகள். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு அழும் மகள். பேப்பரை முகத்தில் கவிழ்த்துத் தூங்கும் கணவர். வர்ணம் காயும்வரை காத்திருக்க மட்டும் அவளால் ஆகாது. அடுப்பைப் பற்றவைத்துத் தாளை மேலே பிடிப்பாள். ஓரம் கருகாத படம் அந்த வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. கிளம்பும் நாள், நாலு மணிக்குக் கார். காலையிலேயே மகள் அம்மாவின் பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எல்லாப் படத்துலயும் நாங்கதான் இருக்கோம். நீ இருக்கிற படம் ஒண்ணு இல்லாம நான் போகமாட்டேன்."

"என் மூஞ்சியில என்னடி இருக்கு?"

"உட்காரும்மா."

உட்கார்ந்தாள். பால் பொங்கிவிடும் என்று எழுந்தாள். உட்கார்ந்தாள். பெட்டி ஜிப் மூடுகிறதா பார்க்கப் போனாள். அப்புறம் மகளின் சட்டையில் ஒரு பொத்தான் தொங்குவது கண்ணில் பட்டது.

"உங்கம்மாவைக் கட்டிப்போட்டுத்தான் வரையணும்," என்றார் கணவர். "கல்யாண போட்டோவுலயே பாதிதான் விழுந்திருக்கா."

மகள் ஜன்னலை வரைந்தாள், மிஷினை வரைந்தாள், நாற்காலியை வரைந்தாள். அம்மாவுக்கான இடத்தை வெறும் தாளாகவே விட்டுவைத்திருந்தாள். மூணே முக்காலுக்கு அதில் ஒரு கையும் மடியில் கொஞ்சம் நீலமும்தான் ஏறியிருந்தன. முகம் இல்லை.

"ஈரத்தோட எப்படிக் கொண்டுபோவ?" தாளை எடுத்துக்கொண்டு அம்மா அடுப்படிக்கு ஓடினாள்.

"அம்மா, வேண்டாம்."

அதற்குள் ஒரு மூலை பழுப்பேறிச் சுருண்டுவிட்டது. தாளைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "கெடுத்துட்டேனேடி. ஒரே ஒரு படம் கேட்ட."

மகள் வாங்கிப் பார்த்தாள். சுருண்ட மூலையை விரலால் நீவினாள்.

"இது யார் வீட்டுப் படம்னு இனிமே ஒருத்தரும் கேக்கமாட்டாங்க," என்று சொல்லிப் பெட்டியில் துணிகளுக்கு மேலாக வைத்து மூடினாள்.

யாரும் சொல்லாமலே அம்மா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "இப்ப வேணா வரையேன். அசையமாட்டேன்."

வாசலில் ஹாரன் அடித்தது. அவள் எழவில்லை. கால் மட்டும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.